மாயாண்டிக்குப் புரியாத காசு

"காசு வர்ற வழியில கடல் கெடக்கே, நனைஞ்சிறாதா?" என்று மாயாண்டி ஃபோனில் கேட்டான்.

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவை பஸாரில், பக்கீரின் ஃபோன் கடைக்கு ரீலோட் போட வந்தவர்கள் எல்லாம் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள். மலையில் சிக்னல் இல்லாததால் மாயாண்டி இங்கே வந்துதான் பேசுவான்; அவன் ஃபோனில் ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்யும். புருஷன் பெண்சாதி பேச்சு ஊர்ப் பேச்சாகிப் பல நாளாயிற்று.

துபாயில் பூரணி பெருமூச்சு விடுவது கடை முழுக்கக் கேட்டது.

பூரணி அங்கே ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். முன்பெல்லாம் சம்பளத்தை அனுப்பிவிட்டு, பணம் எடுக்கும் ரகசிய எண்ணைச் சொல்வதற்காக மாதம் ஒருதரம் வீட்டுக்கார மேடம் ஃபோனைக் கொடுப்பாள். சொல்லி முடித்த கையோடு பிடுங்கிக்கொள்வாள். வேலைக்காரிக்கு வேறு என்ன பேச்சு என்பது மேடத்தின் கட்சி.

மாயாண்டி அந்த எண்ணை வேண்டுமென்றே தப்பாக எழுதுவான். திரும்பச் சொல்லச் சொல்வான். சாப்பிட்டாயா, காய்ச்சல் விட்டதா என்று கேட்டதெல்லாம் அந்த இடைவெளியில் திருடியதுதான்.

அந்தத் திருட்டுக்கும் வேட்டு வைத்தான் மேடத்தின் மகன். புதுக்காசு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். நாடு விட்டு நாடு பணம் அனுப்புவதற்கென்றே உண்டாக்கிய காசாம். கையால் தொட முடியாது. அங்கே திர்ஹமாகக் கிளம்பி, நடுவழியில் அந்தக் காசாக மாறி, இங்கே ரூபாயாக வந்து இறங்குமாம். ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடுவதற்குள் வேலை முடிந்துவிடும். அனுப்புகூலியும் இல்லாததுபோலத்தான். அந்தக் கூலியை இத்தனை நாளும் கட்டிவந்த மேடத்துக்கு வாயெல்லாம் பல்.

ரகசிய எண்ணும் கிடையாது. எண் இல்லையென்றால் ஃபோன் எதற்கு?

ஒரே ஒரு முட்டுக்கட்டைதான் இருந்தது. வாங்குகிறவனுக்கு விஷயம் விளங்க வேண்டும். விளங்காத ஆளுக்கு அனுப்பினால் காசு எங்கே போய் முட்டுமோ! ஆகவே மாயாண்டிக்குப் புரியும்வரை சம்பளம் பழையபடியே வரும், ஞாயிறுதோறும் பூரணி அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பாள் என்று முடிவாயிற்று.

அன்றிலிருந்து மாயாண்டியின் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

உண்மையில் முதல் ஞாயிறே ஏறிவிட்டது. பூரணி அவ்வளவு அழகாகச் சொன்னாள். "கொழுந்து நிறுக்கிற எடத்துல கணக்கப்பிள்ளை கையில மட்டும் புத்தகம் இருந்தா கிலோவக் கொறைச்சு எழுதுறாருல்ல? அதே புத்தகம் ஊருல எல்லாரு கையிலயும் இருந்தா கொறைக்க முடியுமா? அந்த மாதிரிக் காசுங்க இது." வருடக்கணக்காகத் தேயிலைக் கொழுந்து பறித்தவள் வேறு எப்படிச் சொல்வாள்?

மாயாண்டிக்குப் பளிச்சென்று விளங்கியது. இனி ஃபோன் வராது என்பதும் கூடவே விளங்கியது. "அத்தனை பேருக்கும் புத்தகம் யாரு வாங்கிக் குடுக்கிறது?" என்று கேட்டுவைத்தான்.

அடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை பேங்க் மூடியிருக்குமே, காசு எங்கே படுத்துக்கொள்ளும் என்று கேட்டான். அதற்கடுத்த வாரம் வேறொன்று. எந்தப் பாடமும் அவனுடைய "புரியல"வோடுதான் முடியும். மலையில் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டும்போது தேயிலைச் செடியைக் கை பார்த்துக்கொள்ளும். மூளை அடுத்த ஞாயிற்றுக்கான மடத்தனத்தைத் தேடிக்கொண்டிருக்கும். முட்டாளாக இருப்பதும் லேசுப்பட்ட வேலையில்லை. தோட்டத்து லயத்து வீடுகளில் அவனுக்கு டியூப்லைட் என்று பெயரே விழுந்துவிட்டது. பாவம் பக்கீர், தன் பங்குக்கு மேசைமேல் பிஸ்கட்டுகளை அடுக்கி விளக்கிப் பார்த்தார். மாயாண்டி பிஸ்கட்டைத் தின்றான்.

இன்று பூரணியின் குரல் கம்மியிருந்தது. நாள் முழுக்க நின்ற களைப்பு அதில் தெரிந்தது. அங்கேயும் மேடம் ஸ்பீக்கரில்தான் பேசவிடுவாள். கடல் நனைக்கிற கேள்விக்குப் பின் அவள் அரபியில் படபடவென்று பொரிவது நன்றாகவே கேட்டது.

தன்னால்தான் பூரணி ஏச்சு வாங்குகிறாள் என்று தோன்றியதும் மாயாண்டி கூனிக்குறுகிப் போனான். ஆசைக்கும் ஓர் அளவு வேண்டாமா?

"மாயாண்டி, எங்க கடைப் பூனைக்கே வெளங்கிருச்சு," என்றார் பக்கீர். எல்லோரும் சிரித்தார்கள்.

இனி இந்தக் குரலை எப்போது கேட்பது என்றிருந்தது மாயாண்டிக்கு. ஆனாலும் சொல்லிவிட்டான்.

"பூரணி, எனக்குப் புரிஞ்சிருச்சு."

சிரிப்பு நின்றது. பக்கீர் அல்லாவுக்கு நன்றி சொன்னார். பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

துபாய் லைன் அறுந்துவிட்டதோ என்று மாயாண்டி ஃபோனை உலுக்கினான்.

"ஏங்க," என்றாள் பூரணி, மெல்ல. "ஒங்களுக்கு மொத வாரமே புரிஞ்சிருச்சுன்னு எனக்குத் தெரியாதா? மேடம் பக்கத்துலதான் நிக்கிறாங்க. அவங்களுக்குத் தமிழ்ல ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். ஒங்க வாயில கேட்டுக் கேட்டுப் பழகுனது. அதச் சத்தமாச் சொல்லுங்க, சாமி."



மாயாண்டி ஃபோனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பஸ் நிற்கும் இடம்வரை கேட்கும்படி கத்தினான்.

"புரியல!"

பக்கீர் மேசைக்கு மேலாக எட்டிக் குனிந்து, ஃபோனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார்.

"எனக்குமே புரியல, தங்கச்சி!"