பச்சரிசி

ஐப்பசியில் ஏழு நாளாக விடாத மழை. முகூர்த்தத்தன்று மண்டபத்து வாசலிலேயே முழங்கால் தண்ணீர். பச்சரிசி தின்கிற பெண்ணின் கல்யாணத்தில் மழை கொட்டும் என்பார்கள். அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடி வாயில் போடுகிற கோமளத்தை அவள் அம்மா வாரம் முழுக்கத் திட்டித் தீர்த்திருந்தாள். தாலி ஏறியதும், நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே வந்த மாமியார் கேட்டேவிட்டார்: "ஏம்மா, பச்சரிசி ரொம்பத் தின்னியோ?"

கோமளம் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாப்பிள்ளை நெல்லையப்பன் தன் மடியில் விழுந்திருந்த அட்சதையைப் பொறுக்கி, இரண்டு மணியை வாயில் போட்டு நறுக்கென்று கடித்தான்.

"அவ தின்னதுக்கு ரெண்டு நாளுதாம்மா பெய்யும். மிச்ச அஞ்சு நாளும் என்னாலதான்."

கோமளம் நிமிர்ந்தாள். அவன் உள்ளங்கையில் இன்னும் நாலு மணி இருந்தது.