மயில் வரைந்த துப்பாக்கி

விளையாட்டுத் திடலில் சாயக் குண்டு சுடும் இரண்டு பெயிண்ட்பால் கைத்துப்பாக்கிகள் வெகுநாள் ஒரே பெட்டியில் கிடந்தன. சேவியர் என்பவர் அதில் ஒன்றை வாங்கிப்போய், செம்பு நிறம் பூசி, கைப்பிடியில் மயில் வரைந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே திடலுக்கு ஆட எடுத்துவந்தார். மேசையில் பழைய தோழனின் பக்கத்திலேயே வைத்தார்.

"என்னைத் தெரியுதா?" என்று ஆசையாகக் கேட்டது செம்புத் துப்பாக்கி.

"மன்னிக்கணும்ங்க, உங்களைப் பார்த்த ஞாபகமே இல்லை," என்றது பழையது, கூச்சத்தோடு.

சேவியர் செம்புத் துப்பாக்கியை எடுத்து ஒரு குண்டு சுட்டார். அதன் தொண்டையிலிருந்து சின்னதாக அதே பழைய விக்கல் கேட்டது.

"அட, நீயாடா! எங்கடா போயிருந்தே இவ்வளவு நாளா?" என்று கத்தியது பழையது.

"இன்னொரு தடவை 'டா' போட்டுக் கூப்பிடேன்," என்றது செம்புத் துப்பாக்கி.