சபையார் ஜெபித்த சால்வை

"சால்வையை எடுங்க மேடம். பேஷண்ட் மேல எதுவும் போர்த்தக் கூடாது."

ஜெனிட்டாவின் கை அப்படியே நின்றது.

ஐசியூ கட்டிலில் அவள் கணவன் ஆரோன். காலையில் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சுருண்டு விழுந்தவன். நின்றுபோன இதயம் திரும்பத் துடிக்கிறது, கண்தான் திறக்கவில்லை.

"தொட்டுப் பாருங்க சிஸ்டர், ஐஸ் மாதிரி இருக்கார்!"

"நாங்கதான் குளிர வச்சிருக்கோம். இப்ப சூடு ஏறினா மூளைக்கு ஆபத்து."

"எங்க சபையார் அத்தனை பேரும் கை வச்சு ஜெபிச்ச சால்வை. கால் மேல மட்டுமாவது..."

"கால் மேலயும் கூடாது." நர்ஸ் சால்வையை உருவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெளியே நாத்தனார் லோயிஸ் கொதித்தாள். "பேரைப் பார்த்தீங்களா அண்ணி? ஃபாத்திமா! நம்ம ஜெபம் அவளுக்கு எப்படிப் பிடிக்கும்? குப்பையில போட்டிருப்பா."

"நக்கோ லோயிஸ், வேண்டாம், சும்மா இரு" என்றாள் ஜெனிட்டா. ஆனால் அன்று மாலையே ஒரு புகார்க் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கொடுக்கத்தான் பயம். புருஷன் உயிர் அந்த நர்ஸ் கையில் அல்லவா இருக்கிறது!

மறுநாள் உடம்பை மெல்ல மெல்லப் பழைய சூட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆரோன் அசையவில்லை. மூன்றாம் நாளும் போர்வை கிடையாது. காய்ச்சல் வந்துவிடக் கூடாதாம்.

நான்காம் நாள் காலை ஃபாத்திமாவே வெளியே ஓடி வந்தாள். "மேடம், சீக்கிரம் வாங்க!"

தொண்டைக் குழாயை எடுத்திருந்தார்கள். ஆரோன் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜெனி..." குரல் கரகரத்தது. "குளிருதுடி. இங்க ஒருத்தருக்கும் ஒரு போர்வை கொடுக்கத் தோணாதா?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "பேரும் ஞாபகம் இருக்கு, கோபமும் வருது. மூளை ஃபர்ஸ்ட் கிளாஸ்! இனிமே போர்த்தலாம் சிஸ்டர்."

ஃபாத்திமா அவன் தலையணைக்கு அடியில் கைவிட்டு, வாய் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே, மடிப்புக் கலையாமல் அந்தச் சால்வை.

ஜெனிட்டா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை நாளும்... இங்கயேவா இருந்தது?"

"மேல போடத்தானே கூடாது?" சால்வையை விரித்து ஆரோனுக்குப் போர்த்தினாள் ஃபாத்திமா. "டாக்டர்கிட்ட அன்னிக்கே கேட்டுட்டுத்தான் வச்சேன். அத்தனை பேர் ஜெபம், அவர் தலைமாட்டுலயே இருக்கட்டுமே மேடம்."