ரங்கநாயகி இறந்த வருடம்

பாலுசாமி ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பழைய நாடக நோட்டீஸை மூக்கருகே பிடித்துப் படித்தார்.

‘ராஜபார்ட்: துடியலூர் ரங்கநாயகி. 1941 மார்ச் 8, சனிக்கிழமை.’

படித்து முடித்த பிறகும் தாளை இறக்கவில்லை.

ரங்கநாயகி அவருடைய அக்கா. வீட்டில் வைத்த பெயர் பாவாத்தாள். பதினெட்டு வயதில் நாடகக் கம்பெனியோடு போனவள்.

அவளுடைய வாழ்க்கையைத்தான் நான் எழுதுகிறேன். இரண்டு நோட்டுகள் நிரம்பிவிட்டன. மூன்றாவதில் கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டில் இது யாருக்கும் தெரியாது. நான் வீட்டிலேயே மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றும் காயில் வேலை செய்கிறேன். கம்பி வரும் அட்டைப்பெட்டிக்கு அடியில் நோட்டுகளை வைத்திருக்கிறேன்.

இன்றைக்கும் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

போன மாதம் முதல் முறை வந்தபோது, அவர் என்னைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய்க் கிணற்றோரம் ஒரு கல்லைக் காட்டினார். ‘பாவாத்தாள், 1936’ என்று கொத்தியிருந்தது. இறந்த வருடம் என்று கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டு போனேன்.

பிறகுதான் உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் இந்த நோட்டீஸ் கிடைத்தது.

கல்லின்படி இறந்து ஐந்து வருடம் ஆனவள், கோயமுத்தூரில் ராஜா வேஷம் கட்டியிருக்கிறாள்.

எனக்குக் கூச்சம் அதிகம். கேட்க வேண்டியதைப் பஸ்ஸிலேயே எழுதி வைத்திருந்தேன். தலை நிமிராமல் அதை வாசித்தேன்.

“அக்கா நெசமா எப்பங்கய்யா செத்தாங்க?”

அதற்குள் அவருடைய மருமகள் புவனா காபி கொண்டுவந்து வைத்தாள்.

“எத்தனாவது அம்மணி படிக்கிறே?”

“ஒம்பதாவதோட நின்னுட்டனுங்க.”

“ஒம்பதாவதுலயே புஸ்தகம் எழுதறயா? பத்தாவதும் படிச்சிருந்தா சினிமாவே எடுத்துப்போடுவியாட்ட இருக்குது.”

அவளே சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் போகும்வரை பாலுசாமி ஐயா காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பத்தாறுங்கறது நாங்க தலை முழுகுன வருசம், அம்மணி.”

அன்று அவருக்குப் பத்து வயது. அக்கா போன மூன்றாம் நாள் வாசலில் பந்தல் போட்டார்கள். தம்பி என்பதால் அவருக்கு மொட்டையடித்தார்கள். பதினாறாம் நாள் கருமாதி செய்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டு, கல்லை நட்டார்கள். அதன் கீழே அவளுடைய பாவாடை ஒன்றுதான் இருக்கிறது.

நான் ஏன் என்று கேட்கவில்லை. எழுதிக்கொண்டேன்.

“நெசமாச் செத்தது அம்பத்திரண்டுல. சித்திரை மாசம். மாரியம்மன் நோம்பி அன்னிக்குத்தான் சேதி வந்துது.”

நோம்பிக்குக் கிடா வெட்டியிருந்தார்கள். வீடு நிறைய விருந்தாளிகள். திண்டுக்கல்லில் இருந்து ஒரு கார்டு வந்தது. காய்ச்சலில் போய்விட்டாள், கம்பெனிக்காரர்களே எடுத்துவிட்டோம் என்று இரண்டு வரி. அவர் கார்டைக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தார்.

அப்பா அதை நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டாராம். அவளுக்குத்தான் எல்லாம் பண்ணியாச்சே, எலையில உக்காரு என்றாராம்.

“உக்காந்தேன், அம்மணி. ஊட்டுல சாவு உழுந்திருந்தா கறி திங்க மாட்டோம். யாருமே சாகலியே. அதனால தின்னேன். ரெண்டாம் வாட்டியும் போட்டாங்க. அதையும் தின்னேன்.”

எழுபது வயது மனிதர் வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். காபியை அவர் இன்னும் தொடவே இல்லை.

எனக்கு வேண்டிய வருடம் கிடைத்துவிட்டது. எழுந்து வந்திருக்கலாம். ஆனால் நோட்டில் எழுதாத ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்கத்தான் இரண்டு முறை பஸ் ஏறி வந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

“நடுவுல பதினாறு வருசம் இருந்தாங்களே. ஒருக்காவாச்சும் போய்ப் பாத்தீங்களா?”

அவர் நோட்டீஸை நான்காக மடித்தார். பிறகு மறுபடி பிரித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி, என்னிடம் நீட்டினார்.

“அடுத்த வருசம் போலாம், அடுத்த வருசம் போலாம்னே இருந்துபோட்டேன்.”

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கடைசிப் பக்கத்தை எடுத்து 1936 என்பதை அடித்துவிட்டு 1952 என்று எழுதினேன். பஸ் ஆட்டத்தில் எழுத்து கோணலாக விழுந்தது.

கண்டக்டர் எங்கள் ஊர்க்காரர்.

“பெரியநாயக்கன்பாளையந்தானே, கண்ணு?”

எப்போதும் தலையை மட்டும் ஆட்டுவேன். இன்று வாயைத் திறந்தேன்.

“இல்லீங்க. மேட்டுப்பாளையம்.”

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

எங்கள் ஸ்டாப்பில் பஸ் நின்றது. பெரியப்பா பேக்கரி வாசலில் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். நான் முன்சீட்டில் நெற்றியை வைத்துக் குனிந்துகொண்டேன். விசில் கேட்டது. பஸ் கிளம்பியது.

மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டிக்குப் பின்தெருவில் என் அக்கா குடியிருக்கிறாள். புருஷனுக்குப் பாக்கு மண்டியில் வேலையாம். பெண்குழந்தை ஒன்று இருக்கிறதாம்.

அவளுக்கு நாங்கள் கருமாதி செய்து மூன்று வருடம் ஆகிறது.