கெட்டிமேள வேளை

கார்காலம் பிறந்துவிட்டது என்கிறது பஞ்சாங்கம். துபாய் வானில் ஒரு முகிலும் இல்லை. பிரிந்து போனவர் வீடு திரும்பும் பருவமென்று பழம்பாடல்கள் போற்றும் ஆவணி, இங்கே உப்புப் புழுக்கமாய்ச் சுவர்களில் வியர்த்துக் கிடக்கிறது. துப்பாக்கி சுடும் கழகத்தின் பின்னறையில் திருநெல்வேலிக்காரரான சிவனணைந்தான் நிற்கிறார். சுட்டுத் தீர்ந்த பித்தளைத் தோட்டாக்கூடுகள், மறுபடி வெடிமருந்தேற்றுவதற்காக எலுமிச்சை உப்புக் கரைசலில் மூழ்கியிருக்க, ஒலியலையால் அழுக்கை உதறும் எந்திரம் ஓயாமல் இரைகிறது. கரி புகையாய்ப் பிரிந்து எழ, அடியில் பொன்னிறம் விழிக்கிறது. கூடுகளை எண்ணி ஒப்படைக்கும் வரை கதவு வெளியே பூட்டியிருக்கும். கைப்பேசிக்கும் உள்ளே இடமில்லை. சுடும் போட்டி முடியாமல் லீவு கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஊரில் இது மகள் கோமதியின் முகூர்த்த வேளை.

கதவுக் கம்பிகளுக்கு வெளியே காவலாளி வேதமுத்து தன் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கிறான்.

"அண்ணாச்சி, ஒம்ம மச்சினன் லைன்ல இருக்காரு. பந்தியில ஒமக்கு எலை போட்டாச்சாம், வாரீரா?"

"சும்மா கெடல. மேளம் கேக்கா?"

"இந்த மெஷின் எரைச்சல்ல எங்க கேக்க? அத நிறுத்திராதேயும், மேனேஜர் தோலை உரிச்சிருவான்."

சிவனணைந்தான் எந்திரத்தை நிறுத்துகிறார். கடலுக்கு அப்பாலிருந்து கெட்டிமேளம் சன்னமாய் வந்து அறையை நிறைக்கிறது. அவர் கையுறைகளைக் கழற்றி, கரைசலின் புளிப்பு நீங்கக் கைகளைக் கழுவி, கிழக்கு நோக்கிக் குவித்து, ஊர்க் கோயில் காந்திமதியம்மையை நினைந்து கண்மூடுகிறார். அட்சதை இல்லாத வலக்கை மெல்ல உயர்கிறது.

"மஞ்சக் குங்குமத்தோட நூறு வருசம் நல்லாயிரு, தாயி."