பீரங்கிக்கு வந்த கோபம்

துறைமுகச் சதுக்கத்தில் பாதி மண்ணில் புதைந்து நின்ற பழைய பீரங்கிக்கு அன்றும் எரிச்சல் தாங்கவில்லை. கைடு சவரிமுத்து வழக்கம்போல அதைத் தட்டித் தட்டி, "எதிரிக் கப்பலையெல்லாம் மூழ்கடிச்சது இதுதாங்க!" என்று சுற்றுலாக்காரர்களிடம் அளந்துகொண்டிருந்தான்.

"கேட்டியா இந்தக் கொடுமையை?" என்றது பீரங்கி, தன் வாய்க்குள் கூடு கட்டியிருந்த மைனாவிடம். "நான் ஒரு குண்டுகூடச் சுட்டதில்ல. கப்பல்ல வரும்போதே விரிசல் விட்டுட்டேன். கடல் இந்த இடம் வரைக்கும் இருந்த காலத்துல தோணியைக் கட்டிப்போடுற தூணா என்னை நட்டு வெச்சாங்க. அவ்வளவுதான் என் வீரம். வாய் கூசாம எவ்வளவு பொய் சொல்றான் பாரு!"

"தினம் இதே புலம்பலா அண்ணே?" என்று சலித்துக்கொண்டது மைனா.

மறுநாள் புதிதாக ஒரு கைடு பெண் வந்தாள். "இது சுட்டதே இல்லைங்க. விரிசல் விட்ட பீரங்கி. தோணி கட்டத்தான் நட்டாங்க" என்றாள். கூட்டம் எடுத்த கேமராவை உள்ளே வைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் நகர்ந்தது.

பீரங்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திமிரைப் பாரு!"

"நீங்க சொன்னதைத்தானே அண்ணே அவளும் சொன்னா?"

"நான் சொல்லலாம். இவ யாரு சொல்றதுக்கு?" என்று கத்திய பீரங்கி, சதுக்கம் முழுக்கத் தேடியது. "அந்தச் சவரிமுத்து எங்க போய்த் தொலைஞ்சான்?"