ஒரே ஒரு ஓட்டு

வாசலில் செருப்பைக் கழற்றவே எலக்ட்ரீசியனுக்கு வெகுநேரம் பிடித்தது. புதிதாகப் பிரிந்த ஊராட்சியின் முதல் தலைவர் தேர்தலுக்கு இன்று ஓட்டு எண்ணிக்கை. தேர்தலில் நின்ற அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கி மனைவிக்குத் தொண்டையே கட்டிவிட்டது. அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

“என்னங்க ஆச்சு?”

“தையல்காரர் ஜெயிச்சுட்டார். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம்.”

அவள் குடிக்கத் தண்ணீர் நீட்டினாள். அதுதான் அவரை இன்னும் உறுத்தியது.

“உன்கிட்ட மறைக்க முடியல. என் ஓட்டை அவருக்குத்தான் போட்டேன்.”

சாமான் பறக்கும் என்று சற்று ஒதுங்கியே நின்றார்.

“அப்பாடா,” என்றாள் அவள். “நானும்தான்.”

“நீயா? நாயா பேயா அலைஞ்சியே?”

“தெருவே சேர்ந்து உங்களை நிக்க வெச்சுது. நான் மட்டும் வீட்டுல உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்? பஞ்சாயத்து ஆபீஸ் கட்டுற வரைக்கும் தலைவர் வீட்டு முன்னறைதான் ஆபீஸ்னு அப்புறம்தானே சொன்னாங்க. நமக்கு இருக்கிறதே அந்த ஒரு அறையும் அடுப்படியும். ஊர்க் குழாய்ச் சண்டையெல்லாம் நம்ம கட்டில்ல உட்கார்ந்தா தீர்க்கிறது?”

“நானும் அதை நினைச்சுத்தான் போட்டேன்.”

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், தையல்காரர். ஜெயித்தவர் முகமாகவே இல்லை.

“வாங்க தலைவரே.”

“வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க. முன்னறையில கிடக்கிற என் தையல் மிஷினை நான் எங்கே தூக்கிட்டுப் போய்ப் போடுவேன்? எங்க வீட்டு நாலு ஓட்டும் உங்களுக்குத்தான் விழுந்துச்சு. அப்புறம் எப்படிங்க தோத்தீங்க?”